பழைய வண்டியும் புதிய கையும்

வாலிபர் உள்ளம் வேகத்தை விரும்புவது; அதனினும் மிகுதியாகத் தனித்தன்மையை விரும்புவது. பிறர் அணியும் சட்டையையே தானும் அணியக் கூசும் பருவத்தில், பிறர் ஊரும் வண்டியையே தானும் ஊர மனம் ஒப்புவதில்லை. இக்காரணம் பற்றியே, வில்லியனூர், பாகூர் முதலிய நம் கொம்யூன்களில் இளைஞர் சிலர், கொட்டகையில் துருவேறிக் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களை வெளியே இழுத்து, அவற்றைப் 'பாபர்' என்னும் குறுவடிவ வண்டிகளாக மாற்ற முற்படுகின்றனர். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று நகைப்பாரும் இருக்கலாம். யானும் அம்முயற்சியில் இறங்கிக் கையை எண்ணெயிலும் மனத்தைச் சிறிது வருத்தத்திலும் தோய்த்துக் கொண்டவனாதலின், எனது அபிப்பிராயத்தைச் சக மாணவர் முன் வைக்கத் துணிந்தேன்.

பாபர் என்பது யாது? ஆங்கிலத்தில் 'பாப்' என்பது குட்டையாக நறுக்குதலைக் குறிக்குஞ் சொல். குதிரையின் வாலை நறுக்குதற்கும் மகளிர் கூந்தலைக் குறுக வெட்டுதற்கும் அச்சொல் வழங்கும். 1930-களிலும் 1940-களிலும் அமெரிக்க வாலிபர் தம் கனத்த மோட்டார் சைக்கிள்களின் முன் மட்கார்டை அறவே நீக்கியும், பின் மட்கார்டைப் பாதியாக நறுக்கியும், வேகத்திற்கு உதவாத உறுப்புகளைக் களைந்தும் ஓட்டினர். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றபின் தாயகம் திரும்பிய போர்வீரரிடையே இவ்வழக்கம் மிகப் பரவிற்று. பின்னாளில் தோன்றிய 'சாப்பர்' என்பது வேறு. அது வண்டியின் சட்டத்தையே அறுத்து, முன் போர்க்கை நீட்டி அமைப்பது. பாபரோ, உள்ள சட்டத்தை உள்ளவாறே வைத்து, அதன் மேலிருக்கும் மிகையைக் களைவது. இவ்வேறுபாட்டைப் புதிதாகக் கை வைப்போர் மறவாதிருத்தல் வேண்டும். இக்கட்டுரையின் கருத்து இதன்மேலேயே நிற்கின்றது.

நம் பக்கத்தில் இம்மாற்றத்திற்கு வாலிபர் முதலில் நாடுவது பழைய புல்லட்டையே. அவ்வண்டி இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் பிறந்ததெனினும், வளர்ந்தது தமிழ் மண்ணிலேயாம். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் ரெடிச் கம்பெனியாரும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினர். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ஆங்கிலக் கம்பெனி மறைந்தொழிந்த பின்னும் திருவொற்றியூர் ஆலை அவ்வண்டியை விடாது செய்து வந்தது. அதன் 350 எஞ்சின், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டருடையது. மொத்தம் 346 கன சென்டிமீட்டர். அப்பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் கணிப்பொறி என்று ஒன்றில்லை. பிளாட்டினம் பாயிண்டும் கார்புரேட்டருமே அதன் மூளை. ஆதலின் சிற்றூர்ப் பட்டறையில், சாதாரண ஸ்பானர்களைக் கொண்டே அதனைப் பெரும்பாலும் பிரிக்கலாம், பூட்டலாம். தொடக்க மாணவனுக்கு இதனினும் சிறந்த பாடபுத்தகம் வேறில்லை.

நிற்க. இலக்கணம் கற்கும் எனக்கு இவ்விஷயத்தில் நன்னூலே முதலில் நினைவுக்கு வந்தது. பவணந்தியார் நூலுக்கு அழகு பத்தும் குற்றம் பத்தும் வகுத்தார். அழகுகளுள் முதலில் நிற்பது சுருங்கச் சொல்லல். குற்றங்களுள் முதலில் நிற்பது குன்றக் கூறல். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றும். இரண்டிலும் சொற்கள் குறைவேயன்றோ? ஆயினும் ஒன்று முதல் அழகு, மற்றொன்று முதல் குற்றம். வேண்டாததை நீக்கிச் சுருங்குவது அழகு. வேண்டுவதை நீக்கிக் குன்றுவது குற்றம். பாபர் செய்வோனுக்கும் இதுவே வினா: நான் களையும் இவ்வுறுப்பு மிகையா, வேண்டுவதா? அன்றியும், யாருக்கு மிகை, யாருக்கு வேண்டுவது?

இவ்வினாவை யான் கற்ற விதத்தைச் சொல்லுதல் பொருந்தும். பாகூர் ஏரிக்கு அணித்தான சிற்றூரில் என் பெரியப்பாவிடம் 1980-களில் வாங்கிய புல்லட் ஒன்று இருந்தது. பாற்கேனும் எருமூட்டையும் சுமந்தது அவ்வண்டியே. என்னை டாங்கியின்மேல் இருத்திப் பள்ளிக்குக் கொண்டு சென்றதும் அதுவே. ஈஸ்டருக்குப் பின் வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்தில் கொடியேறியதும், பெரியப்பா முன்னும் பெரியம்மா பின்னுமாக அதில் திருவிழாவுக்குச் செல்வதைக் கண்டே வளர்ந்தோம். பெரியப்பா காலமானபின் வண்டி கீற்றுக் கொட்டகையில் கிடந்தது. "சும்மா துருப்பிடிக்கிறதற்கு உன் கையிலே கிடக்கட்டும், எடுத்துக்கொள்ளப்பா," என்று பெரியம்மாவே சாவியைத் தந்தார்கள்.

வில்லியனூரில் வேப்பமரத்தடிப் பட்டறை ஒன்றில் முதிய மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். படங்களிற் கண்டவாறு பின்பக்கத்தை அறுத்துத் தள்ள வேண்டுமென்னும் ஆசையால், இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்றையும் உடன் வாங்கிச் சென்றிருந்தேன். மேஸ்திரி அதனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கூரையின் இறைவாரத்திற் செருகி வைத்தார். "தம்பி, ஸ்பானருக்கு வருவதைக் கழற்று; ரம்பம் கேட்பதைத் தொடாதே. நீ படிக்க வந்தவன். தப்பாகப் போனால் திருப்பி எழுத இடம் வேண்டாமா?" என்றார். அன்று அவர் எனக்குத் தந்தது ஒரு வாளி மண்ணெண்ணெயும் பழந்துணியுமே. சேற்றையும் பிசுக்கையும் கழுவிய பின்னரன்றோ எவ்விடத்தில் விரிசல், எவ்விடத்தில் தேய்மானம் என்பது விளங்கும்!

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அழகு வேலைக்கு ஒதுக்கப்படவில்லை. பிரேக் ஷூக்கள், கேபிள்கள், சக்கர பேரிங்குகள், செயின், ஒயரிங் ஆகியவற்றையே பார்த்தோம். நிற்க மாட்டாத வண்டியை ஓட அழகு செய்தலாற் பயன் யாது? பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருப்பதால், புதுவண்டியிற் பழகியவன் அவசரத்தில் பிரேக்கென்று கியரை மிதித்து விடுவான். அப்பழக்கம் வரும்வரை என்னை வீதிக்கு விட மேஸ்திரி இசையவில்லை. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் தனித்தனி டப்பாவிலிட்டுப் பெயரெழுதி வைக்கச் சொன்னார். கழற்றுமுன் ஒவ்வோரிடத்தையும் படம் பிடித்து வைக்கவும் சொன்னார். கோபுரம் கட்டப் புகுவோன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்னும் ஆண்டவரின் உவமையை யான் ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றேன். அதன் பொருளை அவ்வேப்பமரத்தடியிலேயே உணர்ந்தேன்.

பின்னரே வடிவ வேலை தொடங்கியது. பின்னிருக்கையைக் கழற்றி, ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கையை அமைத்தோம். பின்னிருப்போர் பிடிக்கும் கம்பியும், கால் வைக்கும் கட்டையும், பட்டறையில் சாரி கார்டு எனப்படும் சேலைத் தடுப்பும் நீங்கின. தாழ்ந்த ஹேண்டில்பார் பூட்டினோம். வண்டி சிறுத்து, குந்தியிருக்கும் வேங்கை போலத் தோன்றிற்று. நண்பர் பலர் வந்து பார்த்துப் புகழ்ந்தனர். யானும் செருக்குற்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் புறப்பட்டு வண்டியை வாயிலில் நிறுத்தினேன். பெரியம்மா வழக்கம்போல் செபமாலையைக் கையிற் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, நெடுங்காலப் பழக்கத்தால் வண்டியின் பின்புறம் வந்து நின்றார்கள். அங்கே அவர்களுக்கு இடமில்லை. சற்று நேரம் வெறுமையாயிருந்த அம்மட்கார்டை நோக்கினார்கள். பிறகு, "அழகாகத்தான் இருக்கிறதப்பா. நீ போ, நான் பஸ்ஸில் வருகிறேன்," என்று சொல்லித் தெருவை நோக்கி நடந்தார்கள். என்மீது கோபமில்லை, அதுவே எனக்குப் பொறுக்க முடியாததாயிற்று. யான் சுருங்கச் சொன்னதாக எண்ணியிருந்தேன். குன்றக் கூறியிருந்தேன் என்பதை அப்பொழுதே அறிந்தேன்.

ஆயின் எல்லாம் டப்பாக்களில் இருந்தன. அன்று மாலையே பழைய இருக்கையையும், பிடிக்கம்பியையும், கால் கட்டையையும், சேலைத் தடுப்பையும் மீண்டும் பூட்டினேன். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. ரம்பம் புகுந்திருந்தால் அது முடியுமா? இதுவே யான் வற்புறுத்தும் கருத்து: புதிய கை, திருப்பிப் பூட்டக்கூடியதையே கழற்றுக, திருப்ப முடியாத வெட்டு எதனையும் செய்யாதிருக்க.

இதற்கு இயந்திர நூல் பற்றிய காரணங்களும் உண்டு. 1949-இல் வெளிவந்த 350 புல்லட்டின் பெருமைகளுள் தலையாயது பின் சக்கரத்திற்கு ஸ்பிரிங் கொடுத்த அமைப்பாகும். நம்மவருட் சிலர் பழைய அமெரிக்கத் தோற்றத்தை விரும்பி அவ்வமைப்பை அறுத்தெறிந்து, அசையாத இரும்புக் குழாய்களை ஒட்டவைக்கின்றனர். குண்டும் குழியுமான சிற்றூர்ச் சாலையின் அடியெல்லாம் அப்பால் ஓட்டுவோன் முதுகெலும்பிலும், வெல்டிங் செய்த மூட்டிலுமே விழும். வெல்டிங்கின் சூட்டால் குழாய் கோணலாம். ஒட்டின அருகே உறுதி குன்றலாம். இரு சக்கரமும் ஒரு கோட்டில் நில்லாதொழியலாம். இவற்றை வர்ணப் பூச்சு மறைத்துவிடும், சாலை மறைக்காது. ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால், முன் போர்க்கின் சாய்வு மிகுந்து வண்டி திரும்புதலில் மந்தமாகும். அடிவயிறு வேகத்தடையில் இடிக்கும். முன் மட்கார்டோ சேற்றைத் தடுப்பதோடு, போர்க்கின் இரு கால்களையும் பிணைத்து நிறுத்தவும் உதவுகின்றது. நடவுக் காலத்தில் டிராக்டர் சக்கரங்கள் பாகூர்ச் சாலைகளில் இறைக்கும் சேற்றை அறிந்தவன் அதனைக் கழற்றத் துணியான். இன்னொன்றும் சொல்லல் வேண்டும்: பெட்ரோல் டாங்கியை, அது வெறுமையாயினும், தொடக்கக்காரன் வெல்டிங் செய்ய முயலற்க. உள்ளே நிற்கும் ஆவி தீப்பற்றி வெடிக்கும். திரவத்தினும் ஆவியே கொடிது.

தமிழிற் 'சட்டம்' என்னும் சொல் வண்டியின் எலும்புக்கூட்டையும் குறிக்கும், நாட்டின் நீதியையும் குறிக்கும். முன்னதை அறுப்பவன் பெரும்பாலும் பின்னதையும் அறுக்கின்றான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிற்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாதென்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டில் சேர்க்கப்பெற்ற 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பின்னிருக்கையுள்ள வண்டிக்குப் பிடியும், கால் கட்டையும், பின் சக்கரத்திற் பாதிக்குக் குறையாத மறைப்பும் இருத்தல் வேண்டுமென மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123-ஆம் விதி கூறும். பின்னிருப்போர் ஆடை சக்கரத்திற் சிக்காதிருத்தற்கே அவ்விதி. நாம் சாரி கார்டு என்று இகழ்ந்து கழற்றும் அவ்விரும்பு வலை, நம் தாய்மாரையும் தங்கைமாரையும் எண்ணி எழுதப்பெற்றது.

பழைய வண்டிக்காரருக்கு மற்றுமோர் இடர் உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க அதிகாரி முன் அதனை நிறுத்த வேண்டும். பக்கத்து ஊர் வாலிபர் ஒருவர் தம் வண்டியின் பின் சட்டத்தை அறுத்துப் பாபர் செய்தார். பார்வைக்கு அது என்னுடையதினும் அழகியது. பதிவைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, புத்தகத்திலுள்ள வண்டியும் எதிரில் நின்ற வண்டியும் வெவ்வேறாயின. இன்று அது மாட்டுக் கொட்டகையில் நிற்கின்றது. துருவிலிருந்து மீட்கப்பெற்றது மீண்டும் துருவுக்கே சென்றது. ஆதலின், எம்மாற்றத்தையும் செய்யுமுன் பதிவு அலுவலகத்திற் சென்று வினவி, அனுமதி வேண்டுவதற்கு எழுத்து மூலமாகவே பெறுதல் நலம். இருக்கை எண்ணிக்கையும் நிறமும் கூடப் பதிவுச் சான்றில் ஏறியுள்ளவை என்பதை நினைவிற் கொள்க.

"இங்ஙனம் அஞ்சி அஞ்சிச் செய்வது கலையாகுமா? வெட்டத் துணியாதவன் சிற்பியாவனா?" என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும் தமிழ் பயிலும் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தமக்குப் பொருந்தாது தோன்றிய பாடங்களை அழித்தொழிக்கவில்லை. பிரதிபேதங்களைக் குறித்து வைத்தார். தம் கருத்தையும் சொன்னார், பிறர் வேறு கருத்துக் கொள்ள இடமும் வைத்தார். பழையதொன்று நம் கைக்கு வந்தால் அதன்மேல் நமக்குள்ள உரிமை அத்தகையதே. மேலும், வண்டி செய்வோரே இம்முறைக்கு வழிகாட்டியுள்ளனர். ஜாவா கம்பெனியார் 2019-இல் பெராக் என்னும் ஒற்றை இருக்கைப் பாபரை விற்பனைக்கு அறிவித்தனர். 2022-இல் 42 பாபர் வந்தது. 2024-இல் ராயல் என்பீல்டு வெளியிட்ட கோவன் கிளாஸிக் 350 பாபரோ, வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது கழற்றவும் கூடிய பின்னிருக்கையோடு வந்தது. அவ்வளவு பெரிய ஆலையார் ஒரு பின்னிருக்கைக்கு இடம் வைத்தனராயின், சிற்றூரில் ஒரே வண்டியை நம்பியிருக்கும் குடும்பத்தில் நாம் வைக்க வேண்டாமா?

இவற்றால் யான் இம்முயற்சியையே கூடாதென்கின்றேன் என்று கொள்ளற்க. புத்தகத்தைப் புரட்டுவதொன்றே கல்வி என்று எண்ணியிருந்த எனக்கு, வால்வின் இடைவெளியைச் செவியாலேயே அறியும் மேஸ்திரியின் முன் நின்றபோதுதான் என் கல்வியின் அளவு தெரிந்தது. பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், உயர்கல்வி நிலையமொன்று இருந்ததென்றும், அதற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பெற்றன என்றும் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கல்வியை ஊர் கொடுத்துக் காத்த நிலம் இது. இந்நிலத்தின் இன்றைய ஆசிரியருட் சிலர் வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கையோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்களை நம் கல்லூரிக்கு அழைப்பாரில்லை. சனிக்கிழமைதோறும் கைத்தொழிற் கழகம் ஒன்று கூடி, பழைய எஞ்சின் ஒன்றை மேசைமேல் வைத்து, இத்தகைய மேஸ்திரி ஒருவரை வருவித்து மாணவர் கற்கச் செய்தால், ரம்பத்தோடு தொடங்கும் பிழையை என்போல்வார் செய்யாதிருப்பர். இதனைக் கல்லூரித் தலைவர் அவர்களும் ஆசிரியப் பெருமக்களும் ஆலோசிக்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். நம் பழைய மாணவருள் பொறியியல் தொழிலில் இருப்போர் இதற்கு உதவுவாராயின் இன்னும் நலம்.

சக மாணவர்காள், வீட்டுக் கொட்டகையிற் கிடக்கும் பழைய வண்டியை வெளியே எடுங்கள், கழுவுங்கள், பிரியுங்கள், பூட்டுங்கள். களையத் தோன்றும் ஒவ்வொன்றின் முன்னும் சற்று நின்று, இது எனக்கு மிகையாயினும் வீட்டில் யாருக்கேனும் வேண்டுவதோ என்று வினவுங்கள். என் புல்லட்டில் இன்றும் தாழ்ந்த ஹேண்டில்பார் உண்டு. பதிவு அலுவலகத்திற் கேட்டறிந்த பின்னரே அதனை வைத்துக்கொண்டேன். ஒற்றை இருக்கை கொட்டகைச் சுவரில் ஆணியிற் தொங்குகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னே பெரியம்மா அமர்ந்து வருகின்றார்கள். பாபர் என்று அதனை யாரும் அழைப்பதில்லை. அது பற்றி எனக்கு வருத்தமுமில்லை.